மொட்டை மாடிக்குக் கீழே ஒரு படுக்கையறை

'பெட்ரூமை எப்படி அமைதியா, கோஸியா மாத்தறது?'ன்னு கேட்டு ரொம்ப நாளா மெயில் வந்துட்டே இருக்கு. போன வாரம் வந்த ஒரு மெயிலை மட்டும் எடுத்து இன்னைக்குப் பேசலாம்னு இருக்கேன். ஏன்னா அதுல கேள்வி அழகைப் பத்தினது இல்ல.

எழுதினவங்க ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட் பாக்கறாங்க. வேளச்சேரி பக்கம் கடைசி மாடியில, ஒரு தோழியோட சேர்ந்து வாடகை வீடு. ரெண்டு சம்பளப் பணத்தைப் போட்டு ரூமை மாத்தியிருக்காங்க. போட்டோவும் அனுப்பியிருந்தாங்க: மெமரி ஃபோம் மெத்தை, வெல்வெட் மாதிரி கனமான திரை, தரையில புசுபுசுன்னு ஒரு ரக், சுவத்துல சீரியல் லைட், மேசையில வாசனை மெழுகுவத்தி. உண்மையிலேயே நல்லா இருக்கு. 'ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல தூங்க முடியல. வேலையை விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்'னு முடிச்சிருந்தாங்க.

முதல்ல அந்தப் படம் எங்கேருந்து வந்ததுன்னு பாப்போம். நாம ஃபோன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கற 'கோஸி' ரூம் எல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டு ரூம். டென்மார்க்ல 'ஹூகா'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதை வெச்சு உலகம் பூரா புத்தகம் வித்தாங்க. கோபன்ஹேகன்ல டிசம்பர் மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும். அங்க கம்பளி, மெழுகுவத்தி, கனமான திரை எல்லாத்துக்கும் வேலை இருக்கு. உள்ள இருக்கற சூடு வெளிய போயிடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

நம்ம கணக்கு நேர் எதிர். 'கோஸி'ங்கறதுக்கு அகராதியில தேடினா 'கதகதப்பு'ன்னு வரும். மே மாசம் சென்னையில யாருக்காவது கதகதப்பு வேணுமா? நம்ம வாயில தானா வர்ற வார்த்தை 'இதமா இருக்கு'. அதை எப்பச் சொல்றோம்? பெரும்பாலும் காத்து வரும்போதுதான்.

தூக்கத்துக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்னா, தூங்கப் போற நேரத்துல உடம்போட உள்வெப்பம் இறங்க ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்க சேர்த்து கிட்டத்தட்ட ஒரு டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு கை, பாதம் வழியாத்தான் அதிகமா வெளிய போகும். தூக்கம் சொக்கும்போது உள்ளங்கை சூடா இருக்கறது அதனாலதான். அந்தச் சூட்டை வாங்கிக்க சுத்தி இருக்கற காத்து தயாரா இருக்கணும். சென்னைக் காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைய, வேர்வை லேசுல காயாது. காத்து நகர்ந்தாத்தான் காயும். அதனால இந்த ஊர் பெட்ரூம்ல முக்கியமான பொருள் கட்டில்கூட இல்ல, ஃபேன்தான். கட்டிலை ஃபேனுக்கு நேர் கீழ இழுத்துப் போடறதுக்கு ஒரு ரூபா செலவில்ல. போட்டோவுல அவங்க கட்டில் சுவரோரமா, ஃபேன் காத்து சரியா எட்டாத மூலையில இருக்கு. படத்துக்கு அந்த மூலை நல்லா வரும், தெரியுது.

இன்னொண்ணு, ஏர் கூலர் வாங்கலாமான்னு கேட்டிருந்தாங்க. வேண்டாம். அது தண்ணியை ஆவியாக்கிக் காத்தைக் குளிர வைக்கிற சாமான். காத்து காய்ஞ்சு கிடக்கற உள்மாவட்டக் கோடைக்கு அது சரி. கடலோர ஊர்ல, மூடின ரூமுக்குள்ள, ஏற்கெனவே இருக்கற புழுக்கத்துல இன்னும் ஈரத்தைச் சேர்க்கும்.

இப்ப கடைசி மாடி விஷயத்துக்கு வர்றேன். மேல இருக்கற கான்கிரீட் தளம் பகல் பூரா வெயிலைக் குடிக்கும். ஆனா அந்தச் சூடு உடனே கீழ வராது. அடிப்பக்கத்துக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதனால மத்தியானம் மேல காய்ஞ்ச வெயில் சாயங்காலமும் ராத்திரியும்தான் ரூமுக்குள்ள இறங்கும். ராத்திரி ஃபேன் போட்டா அனல் காத்து வருதேன்னு புலம்பறோமே, அது சீலிங்கை ஒட்டி நிக்கற சூட்டைத்தான் ஃபேன் கீழ தள்ளுது.

இங்கதான் நம்ம நைட் ஷிஃப்ட் தோழிக்கு ஒரு நல்ல சேதி. ராத்திரி பூரா சூட்டை விட்டுட்டு, தளம் ரொம்பக் குளிர்ந்து கிடக்கறது விடிகாலையில. அவங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றது ஆறரை மணிக்கு. அப்பவே குளிச்சு, லேசா ஏதாவது சாப்பிட்டு, ஏழரைக்குள்ள படுத்துட்டா, மத்தியானம் வரைக்கும் அந்த ரூம் அவங்க பக்கம். மெயில்ல எழுதினபடி, ஃபோன் பாத்து, துணி துவைச்சு, பதினோரு மணிக்குப் படுக்கறாங்க. அதாவது தளம் சூடாகி இறங்கத் தொடங்கற நேரமாப் பாத்து தூங்கப் போறாங்க. நான் முதல்ல மாத்தச் சொல்றது இதைத்தான். மெத்தை, விளக்கு எல்லாம் அதுக்கு அப்புறம்.

தளத்துக்கே ஏதாவது செய்யணும்னா, வெள்ளையடிக்கறதுதான் வழி. சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பற வெள்ளை பெயின்ட்டோ, எதுவானாலும் வீட்டுக்காரர் ஒத்துக்கணும். கேட்டுப் பாருங்க, அவர் மாடிக்கும் நல்லதுதான். நர்சரியில கட்டற பச்சை வலையை மாடியில கொஞ்சம் உயரமா கட்டினாலும் வெயில் நேரா தளத்துல விழாது. சாயங்காலம் மாடியில தண்ணி ஊத்தற பழக்கம் பல வீட்டுல உண்டு. 2019 கோடையில தண்ணி லாரிக்காகக் குடத்தோட வரிசையில நின்ன ஊர் இது. எனக்கு அதைச் சொல்ல மனசு வரல.

அடுத்து ஜன்னல். அவங்க ஜன்னல் கிழக்குப் பக்கம், அவங்க தூங்கற நேரத்துக்குச் சரியா வெயில் உள்ள வரும். கனமான திரை இருட்டு குடுக்கும், சரி. ஆனா வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்ததுக்கு அப்புறம்தான் திரையில படுது. சூடு வீட்டுக்குள்ள வந்தாச்சு. நிழல் ஜன்னலுக்கு வெளியில இருக்கணும். மூங்கில் தட்டி ஒண்ணு வாங்கி ஜன்னல் கம்பியிலயே கயிறு போட்டு வெளிப்பக்கம் தொங்க விடலாம். சுவத்துல ஒரு ஓட்டைகூட போட வேண்டாம், அட்வான்ஸுக்கும் ஆபத்தில்ல. உள்ள ஒரு கருநிற காட்டன் திரை போதும்.

வெளிச்சத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். 2002-ல பிரவுன் பல்கலைக்கழகத்துல டேவிட் பெர்சன் குழு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க: நம்ம கண்ணோட விழித்திரையில, பாக்கறதுக்காக இருக்கற செல்களைத் தவிர, வெளிச்சத்தை உணர்ற வேற ஒரு வகை செல்லும் இருக்கு. அதோட முக்கிய வேலை, 'இப்ப பகல்'னு மூளையில இருக்கற கடிகாரத்துக்குச் சொல்றது. நீல நிற வெளிச்சத்துக்கு அது ரொம்ப அதிகமா பதில் சொல்லும். நம்ம வீடுகள்ல பல்பு வாங்கப் போனா கடைக்காரர் கேக்காமயே எடுத்துத் தர்ற பளீர் வெள்ளை எல்இடி இருக்கே, அதுல பெரும்பாலும் 6500 கெல்வின்னு போட்டிருக்கும். நீலம் தூக்கலான பகல் வெளிச்சம் அது. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அதுக்குக் கீழ உக்காந்துட்டு, ஃபோன் மட்டும்தான் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு சொல்றது நியாயமே இல்ல. அட்டைப்பெட்டியில 2700-னு போட்ட மஞ்சள் பல்பு கேட்டு வாங்குங்க. அந்தச் சீரியல் லைட்டும் மஞ்சள்தான், இருந்துட்டுப் போகட்டும்.

காலையில வீடு திரும்பறவங்களுக்கு இன்னொரு பிரச்சனை: வழியெல்லாம் சூரிய வெளிச்சம். அந்த செல்களுக்கு அதைவிடப் பெரிய 'எழுந்திரு' வேற இல்ல. ஆபீஸ் கேப்ல வர்றவங்க கூலிங் கிளாஸ் போட்டுட்டு வரலாம். ஸ்கூட்டர் ஓட்டிட்டு வர்றவங்க செய்ய வேண்டாம், ஏற்கெனவே கண்ணு சொக்கிட்டு இருக்கும்.

மெத்தை. மெமரி ஃபோம் 1960-கள்ல நாசாவுக்காக உருவாக்கின பொருள். உடம்புச் சூட்டுல இளகி, உடம்பை அப்படியே தழுவிக்கும். அந்தத் தழுவல்தான் இங்க சிக்கல். முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவுல காத்து போக இடமே இல்ல. தூக்கிப் போடவெல்லாம் சொல்லல, அவ்வளவு பணம் குடுத்திருக்காங்க. அது மேல ஒரு கோரைப் பாயை விரிச்சு, அதுக்கு மேல காட்டன் விரிப்பு போட்டுப் பாருங்க. பட்டுப்பாய் அளவுக்கு நேர்த்தியா இருக்கற பத்தமடைப் பாய் தேவையில்ல, சாதாரணப் பாயே போதும். புதுசா வாங்கப் போறவங்க இலவம்பஞ்சு மெத்தையை யோசிக்கலாம். ஆனா அதை அப்பப்ப மாடியில வெயிலுக்குப் போடணும். சோம்பேறிகளுக்கு அது சரிப்படாது.

ஏசி இருக்கறவங்களுக்குச் சுருக்கமா. 2020 ஜனவரி 1-லேருந்து, ஸ்டார் லேபிள் ஒட்டின ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணினா 24 டிகிரியில தொடங்கணும்னு மத்திய அரசு விதி போட்டிருக்கு. 18-க்கு இறக்கிட்டு ரெண்டு போர்வை போத்தறதைவிட, 26-ல வெச்சு ஃபேனையும் மெதுவா ஓட விட்டா உடம்புக்கும் கரன்ட் பில்லுக்கும் நல்லது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, இருக்கற காத்தையேதான் சுத்தி விடும். படுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து வைங்க. மூடின ரூம்ல மெழுகுவத்தியும் கொசுவத்திச் சுருளும் வேண்டவே வேண்டாம்.

கொசுன்னதும் ஞாபகம் வருது. டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கற கொசு. காலையிலயும் சாயங்காலத்துக்கு முன்னாடியும் ரொம்ப மும்முரமா இருக்கும். பகல்ல தூங்கறவங்க அந்த நேரத்துலதான் அசையாம படுத்திருக்காங்க. கொசுவலை ராத்திரிக்கு மட்டும்னு நினைக்காதீங்க.

கடைசியா சத்தம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில ராத்திரி 45 டெசிபல், பகல்ல 55. ராத்திரின்னா பத்து மணிலேருந்து காலையில ஆறு வரைக்கும். பகல்ல தூங்கறவங்களை அந்த விதி கணக்குலயே எடுத்துக்கல. குக்கர் விசில், பழைய இரும்பு வாங்கற வண்டியோட ஸ்பீக்கர், கூரியர்காரர் அடிக்கற காலிங் பெல்னு எல்லாமே அவங்க தூங்கற நேரத்துலதான். காதுல வைக்கிற ஃபோம் அடைப்பான் உதவும். ஃபேனோட ஒரே மாதிரியான இரைச்சலும் உதவும், திடீர் சத்தத்தை அது கொஞ்சம் மூழ்கடிக்கும். காலிங் பெல்லுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைச்சுட்டுப் படுங்க.

ஆனா ஆளுங்களை அணைக்க சுவிட்ச் கிடையாது. நம்ம வீடுகள்ல பெட்ரூம்ங்கறது ஒருத்தரோட ரூம் இல்ல. பீரோ அங்கதான் இருக்கும், அயர்ன் பண்ண துணி அங்கதான் இருக்கும், எல்லாரும் வந்து போவாங்க. பகல் பத்து மணிக்குத் தூங்கினா 'பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு'ன்னு அம்மாகிட்டேருந்து ஃபோன் வரும். இவங்களுக்கும் வருதாம், தினம். அம்மா மேல தப்பில்ல, பகல் தூக்கம் சோம்பேறித்தனம்னுதான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. 'அம்மா, உங்களுக்கு ராத்திரி ரெண்டு மணி எப்படியோ, எனக்குக் காலையில பத்து மணி அப்படி'ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அப்புறம் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு நீங்களே கூப்பிட்டுடுங்க. அந்த நேரம் பழகிட்டா காலையில ஃபோன் வராது. தோழிகிட்ட, அவங்க சாமான்ல காலையில தேவைப்படறதை மட்டும் ஹால்ல வெச்சுக்கச் சொல்லலாம்.

இவ்வளவும் பண்ணி மூணு நாலு வாரம் ஆகியும் தூக்கம் வரலைன்னா, அது ரூமோட பிரச்சனை இல்ல. ஷிஃப்ட் வேலையால வர்ற தூக்கக் கோளாறுன்னே ஒண்ணு இருக்கு. டாக்டரைப் பாருங்க, ராஜினாமா கடிதத்தை அதுக்கு அப்புறம் எழுதலாம்.

மத்தவங்களும் உங்க ரூமைப் பத்தி எழுதுங்க. போட்டோ அனுப்பும்போது எத்தனையாவது மாடி, ஜன்னல் எந்தத் திசை, எத்தனை மணிக்குப் படுக்கறீங்கன்னும் சேர்த்து எழுதிடுங்க.