மாதம் தவறிய மழை

"மார்கழி பிறந்தால் வெள்ளம் கிளந்தானுக்கு, நமக்குப் பனி."

எங்கள் பாட்டி இப்படித்தான் சொல்வார். காப்பார் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மாதத்தில் மரம் என்ன செய்யும், வானம் என்ன செய்யும் என்று கேட்டால் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்.

தை, மாசியில் மரம் இலை கொட்டும். பால் குறையும், சம்பளமும் குறையும், கடைக்காரர் புத்தகத்தில் கணக்கு ஏறும். பங்குனியில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். ஆனி, ஆடியில் கடல் பக்கமிருந்து விடியற்காலையில் 'சுமத்ரா' காற்று வந்து கிளைகளை முறிக்கும். ஆவணியில் கித்தாக்கொட்டை வெடிக்கும் சத்தம் லயத்து வாசல்வரை கேட்கும். ஐப்பசியில் கொட்டித் தீர்க்கும். புதுச்சட்டை நனையாத தீபாவளியை நான் சிறுவயதில் கண்டதாக நினைவில்லை. மார்கழி வந்தால் நம் பக்கத்து மழை சற்றே ஓயும். பத்திரிகையில் கிளந்தான், திரங்கானு வெள்ளப் படங்கள் வரும். கோயிலில் பழைய துணி சேர்த்து அனுப்புவோம்.

பாட்டியின் பஞ்சாங்கம் பொய்யன்று. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து கிழக்குக் கரையில் கொட்டுகிறது. நடுவில் தீத்திவாங்சா மலைத்தொடர் மதில்போல நிற்பதால் மேற்குக் கரைக்கு மிச்சம்தான் கிடைக்கும். நமக்குப் பெருமழை என்பது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும்தான். தப்பிய ஆண்டுகளும் இல்லாமலில்லை. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியதை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அவை தலைமுறைக்கு ஒருமுறை நடந்த கதைகள் என்றுதான் எண்ணியிருந்தோம்.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. மார்கழி பிறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. தென்சீனக் கடலிலிருந்து வந்த காற்றழுத்தத் தாழ்வு ஒன்று குவாந்தான் பக்கம் கரையேறி, மலைத்தொடர் என்ற மதிலை மதிக்காமல் நம் பக்கம் வந்து நின்றுகொண்டது. வெள்ளி பிடித்த மழை சனிக்கிழமையும் விடவில்லை. செந்தூலில் மட்டும் ஒரே நாளில் 363 மில்லிமீட்டர் பதிவாயிற்று. கோலாலம்பூரில் ஓராண்டுக்குப் பெய்வதே ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர்தான். ஒரு மாதத்து மழையைவிட அதிகமானதை ஒரே நாளில் கொட்டிவிட்டது வானம்! நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று அதிகாரிகள் சொன்னார்கள். நாடு முழுவதும் 54 பேர் மாண்டார்கள். நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடும் சாக்கடை நிரம்பித் தெருவுக்கு ஏறியது. வாசற்படி அளவோடு நின்றது எங்கள் புண்ணியம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் குடியிருந்த என் சின்னம்மா மகனுக்கு அந்தப் புண்ணியம் வாய்க்கவில்லை. கீழ்த்தளம் முழுதும் நீருக்குள் போக, மேல்மாடியில் பிள்ளைகளோடு இரண்டு இரவு. விளக்கில்லை, குடிக்கத் தண்ணீருமில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறி, ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து அவர் அப்பா வாங்கிய வீடு அது. "தோட்டத்து லயம் மேட்டில் இருந்தது, அண்ணே. காசு கொடுத்துப் பள்ளத்துக்கு வந்தோம்" என்றார். அந்தப் பேச்சு என் மனத்தை விட்டு அகலவேயில்லை.

ஏன் இப்படி மாதம் தவறிப் பெய்கிறது?

அந்த ஆண்டு பசிபிக் கடலில் 'லா நினா' என்னும் நிலை இருந்தது. அது வந்தால் நம் வட்டாரத்தில் மழை மிகும். இது பழைய காரணம். அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் புதிய காரணம்தான் புவி வெப்பமாதல். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து, காட்டையும் அழித்து மனிதன் விட்ட கரியமில வாயு, பூமியைக் கம்பளிபோல் போர்த்தியிருக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பிருந்ததைவிட உலகம் இப்போது ஒரு பாகைக்கு மேல் சூடாகிவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய நாள்முதல் அதுவரை காணாத வெப்பம் 2024இல் பதிவாயிற்று. ஒரு பாகைதானே என்று தள்ளிவிட முடியாது. காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் ஏழு விழுக்காடு கூடும். பால் எடுக்கும் வாளி பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரம்ப நேரமாகும், கவிழ்ந்தாலோ முன்னைவிட அதிகம் கொட்டும். அதனால்தான் ஒரு பக்கம் நீண்ட வெயிலும் மறுபக்கம் பேய்மழையுமாக இருக்கிறது. 2021ஆம் ஆண்டு மழையின் ஒவ்வொரு துளிக்கும் புவி வெப்பமே காரணம் என்று சொல்வது சரியாகாது. அத்தகைய மழைக்கு அது வலுவூட்டுகிறது என்பதில் அறிவியலாருக்குள் கருத்து வேறுபாடில்லை.

வெயிலின் கதையும் நமக்குத் தெரியாததன்று. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை அடித்தது. அவ்வாண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நின்றோம். 2014இலும் பங்கீட்டுத் தண்ணீர்தான். 2005 ஆகஸ்டில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை வந்து மூடியபோது, காற்றுத் தூய்மைக் குறியீடு 500ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் நம் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அந்த நாட்களில் பண்டமாரானில் எதிர்வீடு தெரியவில்லை என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

இதில் கூலிக்காரர் வீட்டு அடுப்புக்கும் பங்கிருக்கிறது. பால்மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் நேரம் விடியற்காலை. அதனால்தான் இருட்டோடு வெட்டுக்குப் போகிறோம். வெயில் சீக்கிரம் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். விடியலில் மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் கோட்டை விட்டு வழிந்து மங்குக்கு வராமலே போகும். இலை கொட்டிக் கொழுந்து விடும் நேரத்தில் மாதம் தவறி மழை வந்தால் வெண்பூசணம் பிடித்து அந்தக் கொழுந்தும் உதிரும். மரத்துக்கு இரண்டு முறை இலையுதிர்வு. வீட்டுக்கு இரண்டு முறை பஞ்சம்.

செம்பனை வேறு வகை. அது வறட்சியை உடனே காட்டாது. வெயிலில் வாடிய மரம் பெண்பூவைக் குறைத்து ஆண்பூவை மிகுதியாக விடும். குலை குறைவது பல மாதம் கழித்து, சில வேளைகளில் ஈராண்டு கழித்துத்தான் தெரியவரும். 2015இல் ஏறக்குறைய 2 கோடி டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 'எல் நினோ' வறட்சிக்குப் பின் 2016இல் 1 கோடியே 73 லட்சம் டன்னாக இறங்கியது. குலைக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டுமா? வெயில் அடித்தது ஒரு வருடம், வயிறு காய்ந்தது மறு வருடம்.

இனி பண்டமாரானுக்கு வருவோம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் ஊர் தட்டையான களிமண் பூமி. ஒரு பக்கம் கிள்ளான் ஆறு, மறுபக்கம் துறைமுகமும் கடலும். கோலாலம்பூரில் பெய்கிற மழை ஆற்றோடு ஓடிவந்து நம் வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். கடல் அதை எப்போதும் வாங்கிக்கொள்ளுமா? அதுதான் இல்லை. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது. மலாய்க்காரர் 'ஆயர் பாசாங்' என்பார்கள். போர்ட் கிள்ளானில் ஏற்ற நீர் 5 மீட்டர் குறியைத் தாண்டுவதுண்டு. கடல் ஏறி நிற்கும்போது தண்ணீர்க் கதவை அடைத்தாக வேண்டும். திறந்தால் கடல்நீர் உள்ளே வரும். அடைத்தால் மழைநீர் வெளியே போகாது. இறக்கம் வரும்வரை பல மணி நேரம் ஊருக்குள்ளேயே காத்திருக்கும்.

கேரித்தீவில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய பாடம். அத்தீவின் செம்பனைத் தோட்டங்களே மண்கரைக்குள் காப்பாற்றப்படும் நிலங்கள். கதவு மூட ஒரு மணி நேரம் தவறினால் என்ன ஆகும் என்று அங்குள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டணத்துக்கு வந்த பிறகு கதவை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாம் மறந்துவிட்டோம்.

கடலோ இருந்த இடத்தில் இல்லை. சென்ற நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. ஒரு சாண் அளவு! பெரிதில்லைதான். ஆனால் சாக்கடை வாய்க்கும் கடலுக்கும் உள்ள வாட்டமே சில சாண்தான் என்னும்போது, ஒரு சாண் போனால் கதவு திறந்திருக்கும் நேரம் குறையும். கரையோரம் அலையைத் தடுத்து நின்ற பாக்காவ் காடுகளையும் நாம்தான் வெட்டிக் கட்டடமாக்கினோம்.

கடல் என்று மிக ஏறும்? அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, அன்றும் அடுத்த ஓரிரு நாளும். சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் சேர்ந்து இழுப்பதால் வருவது இது. 2021 டிசம்பர் வெள்ளம் என்று வந்தது என்று பழைய நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். 17, 18 தேதிகளில் மழை. 19ஆம் தேதி பௌர்ணமி! ஆற்றில் வெள்ளம் இறங்கி வந்த வேளையில் கடல் ஏறி நின்று வழி மறித்தது. வெள்ளம் வடியத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

அமாவாசையும் பௌர்ணமியும் நம்மவர் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே இருக்கின்றன. விரதத்துக்கும் தர்ப்பணத்துக்கும் பார்க்கிறோம். கடலுக்கும் பார்த்தால் என்ன? வானிலைத் துறை பெருமழை எச்சரிக்கை விடும் நாளில், நிலா எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். இரண்டும் சேர்ந்துவந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்க வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்டு, சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வையுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்தவுடன் மின்சார மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். காலில் ஈரத்தோடு தொடாதீர்கள். நோயாளிகளின் மருந்து முதலில், தொலைக்காட்சிப் பெட்டி கடைசியில். என் சின்னம்மா மகன் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அம்மாவின் இனிப்புநீர் மருந்து மிதந்து போயிற்று. வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றை அள்ள வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரில் வரும் காய்ச்சல் உயிரையே வாங்கும்.

தெருச் சாக்கடையை அடைத்துக் கிடக்கும் குப்பைக்கு வானத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. நகராண்மைக்கு எழுதுங்கள், பத்துப் பேர் கையெழுத்தோடு எழுதினால் ஆள் வருகிறார்கள். இது நான் கண்ட அனுபவம்.

எங்கள் வீட்டில் இப்போது பேத்தி ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். மாதம் பிறந்ததும் துறைமுகத்தின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமிப் பக்கம் கடல் ஏறும் நேரத்தைப் பென்சிலால் எழுதிவிடுவாள். அதற்குக் கீழேதான் என் மருமகள் பால்காரர் கணக்கை எழுதுகிறாள்.