மீனுக்குப் பிறகுதான் சாமிக்கு!

கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோயிலைத் தாண்டி 1,000 படிகளுக்கு மேல் இறங்கினால்தான் ஆகாய கங்கை கண்ணில் படும். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது.

மலைப் பிள்ளைகள் அருவியைவிட அதிகம் பயந்தது ஒரு கதைக்கு. யாரோ இந்த ஆற்றில் மீன் பிடித்து, அறுத்துக் குழம்பு வைத்தார்களாம். கொதித்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உயிர்பெற்றுத் துள்ளி ஆற்றுக்கே ஓடிவிட்டனவாம்! அதன்பிறகு யாருக்குத் தூண்டில் போட மனசு வரும்? மீனுக்கு இரை போட்ட பிறகே சாமிக்குப் படையல் என்பது இங்கே வழக்கம்.

சட்டம் வருவதற்கு முன்பே மீனைக் காத்த கதை இது. பாறையிடுக்கில் சிக்கும் பிளாஸ்டிக் பைகளைத் தடுக்கத்தான் பாட்டிகளிடம் கதை இல்லை. போகிறவர்கள் மீனுக்குப் பொரி கொண்டுபோங்கள். பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.