வானத்திலிருந்து பெட்டி விழுந்தால் திறக்காதீர்கள்!

நட்சத்திரம் பிறப்பதைப் பார்த்துவிட்டு வரும் டெலஸ்கோப் அது

ஐதராபாத்திலும் சுற்று மாவட்டங்களிலும் சில சமயம் பத்திரிகைகளில் ஓர் அறிவிப்பு வரும். வானத்திலிருந்து பாராசூட்டில் பெட்டி ஏதும் இறங்கினால் யாரும் தொடவேண்டாம், திறக்கவேண்டாம். பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ தபாலாபீசிலோ தகவல் சொல்லுங்கள். பெட்டிக்குச் சேதமில்லை என்றால் சன்மானம் உண்டு என்று அதில் இருக்கும். ஐதராபாத்துக்குக் கிழக்கே விசாகப்பட்டினம் திசையிலும், மேற்கே சோலாப்பூர் திசையிலும் எங்கே வேண்டுமானாலும் அது விழலாம். மும்பையிலிருந்து ரயிலேறி ஊருக்குப் போகும் நம்மவர்களுக்குச் சோலாப்பூர்க் கரிசல் காடு பழக்கமானதுதான்.

அறிவிப்பைக் கொடுப்பது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். 1945-ல் டாக்டர் ஹோமி பாபா தொடங்கிய ஸ்தாபனம். மும்பையில் கொலாபாவின் கோடியில், கடலோரமாக இருக்கிறது. ஐதராபாத்தில் அதற்குப் பலூன் விடும் தளம் ஒன்று உண்டு. பலூன் என்றதும் திருவிழாப் பலூனை நினைத்துவிடக் கூடாது. மெல்லிய பாலிதீனால் செய்து, ஹைட்ரஜன் வாயு நிரப்பிய ராட்சதப் பலூன். ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட டெலஸ்கோப்பைச் சுமந்துகொண்டு சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் போகும்.

எதற்கு இத்தனை பாடு? நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்தைப் பார்ப்பதற்கு!

இஸ்திரிப் பெட்டியின் அனல்

வாயுவும் தூசியும் கலந்த பெரும் மேகங்களுக்குள்தான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. மேகத்தின் ஒரு பகுதி தன் கனத்தாலேயே உள்நோக்கிச் சரிந்து, நெருங்கி, சூடேறி நட்சத்திரமாகிறது. அந்தத் தூசி மணலும் கரியும் போன்றது. ஆனால் புகையைப் போல அவ்வளவு பொடி. அது அடர்ந்து கிடப்பதால் உள்ளே பிறந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் வெளியே வருவதில்லை. சாதாரண டெலஸ்கோப்பில் பார்த்தால் அங்கே இருட்டுத்தான்.

கரண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி இருட்டறையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அனல் தெரியும். அந்த அனல்தான் அகச்சிவப்புக் கதிர். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். சூடு ஏறிற்று! அப்படி அகப்பட்டது இந்தக் கதிர்.

நட்சத்திரத்தின் ஒளியைத் தூசி விழுங்கிவிடுகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடி ராத்திரியில் அனல் அடிப்பதுபோல, விழுங்கியதை அகச்சிவப்பாகத் திருப்பி விடுகிறது. மறைத்த தூசியே காட்டியும் கொடுக்கிறது! மார்கழி இரவில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியுமே, அவற்றுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது ஓரியன் மேகம். தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு. அங்கே தூசிக்குள் புதைந்திருந்த இளம் நட்சத்திரம் ஒன்றை அகச்சிவப்பில் கண்டதாக 1967-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பெக்லின், நியூகபவர் இருவரும் வெளியிட்டார்கள்.

காற்றுதான் தடை

சூடான தூசியைத் தரையிலிருந்தே ஓரளவு பார்க்கலாம். ஆனால் அந்த மேகங்களில் பெரும்பாலான தூசி மைனஸ் 240 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. அதுவும் கதிர் வீசத்தான் செய்கிறது. 100, 200 மைக்ரான் நீள அலைகளில். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் காற்றிலுள்ள நீராவி அந்த அலைகளைத் தரைக்கு வரவிடாது. 30 கிலோமீட்டர் மேலே போய்விட்டால் காற்றில் 100-க்கு 99 பங்கு கீழே தங்கிவிடுகிறது.

இத்தனை மெல்லிய அனலை அளக்கும் கருவி, தானே சூடாக இருந்தால் எப்படி? எட்டமுடியாத கடைசிக் குளிர் என்பது மைனஸ் 273.15 டிகிரி. தூசியை அளக்கும் கருவியை ஹீலியத்தின் உதவியால் அதற்கு அரை டிகிரிக்கும் குறைவான தூரம் வரை குளிரவைத்து, பலூனில் கட்டி அனுப்புகிறார்கள்!

பலூன் காற்றோடு போகும். தளத்திலிருக்கும் விஞ்ஞானிகள் ரேடியோ உத்தரவால் டெலஸ்கோப்பைத் திருப்பித் திருப்பி மேகங்களை அளப்பார்கள். வேலை முடிந்ததும் இன்னோர் உத்தரவு. பலூன் கழன்றுகொள்ள, டெலஸ்கோப் பாராசூட்டில் இறங்கும். சோளக் காட்டிலோ, துவரை வயலிலோ, எங்கே விழுகிறதோ! நல்லபடியாகக் கைக்கு வந்தால் செப்பனிட்டு மறுபடி அனுப்பலாம். யாராவது பழைய இரும்புக்காரனிடம் போடலாமென்று கழற்றிவிட்டால் பல வருஷ உழைப்பு போயிற்று. சில பாகங்களில் கடுமையான மின்சாரமும் இருக்கும், கழற்றுகிறவருக்கே ஆபத்து.

செயற்கைக்கோள் இருக்க பலூன் எதற்கு?

நியாயமான கேள்வி. 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் பத்து மாதம் வானத்தைத் துழாவியது. வேகா நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி இருப்பதை முதலில் காட்டியது அதுதான். 2021 டிசம்பர் 25-ல் ஏவப்பட்ட வெப் டெலஸ்கோப்பின் கண்ணாடி 6.5 மீட்டர். ஆனால் அதன் பார்வை 28 மைக்ரானோடு நின்றுவிடும். நீண்ட அலைகளைப் பார்த்த ஐரோப்பாவின் ஹெர்ஷல், ஹீலியம் தீர்ந்து 2013-ல் ஓய்ந்தது. விமானத்தில் டெலஸ்கோப்பை வைத்துப் பறந்த சோஃபியாவை 2022-ல் நிறுத்திவிட்டார்கள்.

ஐதராபாத் பலூன் ஜப்பானிய விஞ்ஞானிகளின் கருவியையும் சுமந்து சென்று, 158 மைக்ரானில் கார்பன் வீசும் கதிரை அளந்திருக்கிறது. இளம் நட்சத்திரங்களின் வெக்கை பட்ட வாயு அந்தக் கதிரை வீசித்தான் ஆறுகிறது. ஆறினால்தான் அது சரிந்து அடுத்த நட்சத்திரமாகும்.

ஒரு தடவை பறந்தால் கிடைப்பது சில மணி நேரம். செயற்கைக்கோளுக்கு அது ஈடாகாதுதான். ஆனால் பலூனில் போகும் கருவிக்கு ஹீலியம் தீர்ந்தால் திரும்ப நிரப்பலாம், கெட்டுப்போனதை மாற்றலாம், அடுத்த பருவத்தில் மறுபடி அனுப்பலாம். பெட்டி முழுசாகத் திரும்பி வந்தால்.