தலைமை நாடுவோரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி

தேர்தல் வந்துவிட்டால் வாக்குறுதிகளுக்குப் பஞ்சமிராது. சாலை, விளக்கு, பூங்கா, மண்டபம் எனத் துண்டு விளம்பரம் நிரம்பி வழியும். வேட்பாளர் எத்தனை செய்வதாகச் சொல்லுகிறார் என்று எண்ணிக் கொண்டிருப்பதைவிட, எதை முதலில் செய்வார் என்று கேட்பதே அறிவுடைமை. இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். ஒற்றைப் பாதையில் எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் விட இயலாது. எது முன், எது பின் என்று வகுக்கத் தெரிந்தவரே நிலையத்தை நடத்தவல்லவர். ஊரை நடத்துவதற்கும் அதுவே விதி.

இதற்குச் சென்னை நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1887-ஆம் ஆண்டு திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி அவர்கள் 1939-இல் சென்னை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்காலத்தில் மேயர் பதவி ஓராண்டுக்கே உரியது. நகரில் மக்கள் பெருகிக் கொண்டே வந்தனர், குடிநீரோ போதவில்லை. நாவன்மையிற் சிறந்த அவர், அந்த ஓராண்டை விழாக்களிலும் வரவேற்புகளிலும் கழித்திருக்கலாம். அவ்வாறு செய்தாரில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்பதையே முன்னிறுத்தினார். உலகப் போர் தொடங்கிவிட்ட காலம் அது. அன்னிய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவரே, மக்களின் தாகம் தீர்வதற்காக அவ்வாட்சியின் இசைவைப் பெறவும் முயன்றார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1944-இல் நீர்த்தேக்கம் பயனுக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை, 1943-இலேயே மறைந்துவிட்டார். இன்று அந்நீர்நிலை சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தம் பதவிக் காலத்துக்குள் கைதட்டல் கிடைக்குமா என்று பாராமல், வரும் தலைமுறைக்கு வேண்டியதைத் தொடங்கி வைப்பவரே தலைவர் என்பதை இதனால் அறிகிறோம்.

நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூர் மற்றொரு பாடம் புகட்டுகிறது. அந்நகருக்குச் சிறுவாணி நீரைக் கொணரலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தவர் சே. ப. நரசிம்மலு நாயுடு. பின்னாளில் நகராட்சித் தலைவராய் விளங்கிய இரத்தினசபாபதி முதலியார் அதனை நிறைவேற்றப் பாடுபட்டார். ஆர். எஸ். புரம் அவர் பெயரால் அமைந்ததே. இன்றைய சிறுவாணி அணை நிற்பதோ நம் பாலக்காடு மாவட்டத்தில்! கேரளமும் தமிழ்நாடும் 1973-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படியே நீர் செல்கிறது. பரம்பிக்குளம் – ஆழியாறு உடன்பாடும் 1970-இல் இவ்விரு மாநிலங்களும் கையெழுத்திட்டதே. ஆகவே, எல்லைப்புறத்தில் தலைமை ஏற்பவர் அண்டை மாநிலத்தாரைப் பழித்து வாக்குத் தேடுபவராயிருத்தல் ஆகாது. அவர்களோடு அமர்ந்து பேசத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும்.

முதலமடை நகரமன்று, ஊராட்சியே. எனினும் கேள்வி ஒன்றுதான். மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற இவ்வூரில், தோப்பில் உழைக்கும் குடும்பத்தின் குடத்துக்குக் கோடையிலும் நீர் வருமா என்று முதலில் கேட்போம். பரம்பிக்குளமும் இவ்வூராட்சியைச் சேர்ந்ததே. ஆயினும் அங்குள்ள மலைவாழ் மக்கள் தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வர, நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியே சுற்றி வர வேண்டியிருந்தது. 2020-இல் செம்மணாம்பதி வழியாகக் காட்டுப் பாதையைத் தம் கைகளாலேயே வெட்டத் தொடங்கினர். கடைசி வீட்டிற்கும் சென்று குறை கேட்பாரா என்பது இரண்டாம் கேள்வி.

மூன்றாவது, மொழி. கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மையினரான தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். இச்சலுகையை ஏட்டோடு விடாமல் நடைமுறைக்குக் கொண்டு வருவாரா? ஓய்வூதிய விண்ணப்பத்தைப் படிக்க இயலாமல் பிறர் தயவை நாடும் முதியவருக்கு இது சிறு செய்தியன்று.

நான்காவது, கணக்கு. 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் கிராம சபை கூட வேண்டும். வார்டு உறுப்பினரே அதைக் கூட்டுபவர். அங்கே வரவு செலவை மறைக்காமல் வைப்பாரா?

இத்தனையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கு ஒரு கடமையும் உண்டு. சட்டமன்றத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் வேறு. ஊராட்சித் தேர்தலின் பட்டியல் வேறு. பின்னதைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றதிலும் இருக்கும் என்று வாளா இருந்துவிடலாகாது. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் சொந்த ஊரில் ஒரு பெயரும் இங்கே ஒரு பெயருமாக வைத்திருத்தலும் முறையன்று. வாழும் ஊரே நம் ஊர். அதன் கிணற்று நீரைப் பருகுகிறோம். அதன் பள்ளிக்கு நம் மக்களை அனுப்புகிறோம். ஆகவே, பட்டியல் வெளியாகும் நாளில் நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பெண்மக்களின் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டுகிறோம். பெயரில்லாதார் கேட்கும் கேள்விக்கு விடையளிக்க எந்த வேட்பாளரும் காத்திருக்கமாட்டார்.