உட்கருவின் வாசலில் இம்பார்ட்டின் ஆல்ஃபா

எஸ்வி40 குரங்குகளிடம் காணப்படும் ஒரு வைரஸ். அதன் புரதங்களில் ஒன்று, செல்லுக்குள் உருவான கையோடு உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு வழி காட்டுவது எது என்று லண்டனில் டேனியல் கால்டெரான், ஆலன் ஸ்மித் குழுவினர் துருவினார்கள். எழுநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில், 128-ஆவது இடத்து லைசின் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். புரதம் உட்கருவை எட்டாமல் வெளியே சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிட்டது. அந்த லைசினையும் அதை ஒட்டிய அமினோ அமிலங்களையும் கொண்ட சிறு துண்டை, உட்கருப் பக்கமே போகாத பைருவேட் கைனேஸ் என்ற நொதியோடு இணைத்தபோது அதுவும் உள்ளே போனது. 1984-இல் வெளியான முடிவு இது. ஏழே அமினோ அமிலங்களில் முகவரி அடங்கிவிட்டது: புரோலின், மூன்று லைசின், அர்ஜினின், லைசின், வாலின்.

முகவரியைப் படிப்பது யார் என்பது பிடிபட இன்னும் பத்து ஆண்டு ஆனது. 1994-இல் டிர்க் கோர்லிஷும் சகாக்களும் தவளை முட்டைச் சாற்றிலிருந்து முகவரியைப் படிக்கும் புரதமான இம்பார்ட்டின் ஆல்ஃபாவைப் பிரித்தெடுத்தார்கள். மனித உடலில் இதில் ஏழு வகை உண்டு. அவற்றில் ஒன்றான கேபிஎன்ஏ2 529 அமினோ அமில நீளமுள்ளது. ஒரே மாதிரியான பத்து மடிப்புகள் அடுக்காக அமைந்து, உட்புறம் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. லைசின்களின் நேர்மின்னேற்றத்தைப் பிடித்துக்கொள்ள அந்தப் பள்ளம் தோதானது.

ஆனால் ஆல்ஃபா தனியாக வாசலைத் தாண்டாது. உட்கருத் துளை ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் புரதங்களால் ஆனது. நடுவிலுள்ள வலை போன்ற பகுதியில் சிறு மூலக்கூறுகள் நுழைந்துவிடும். பெரிய புரதம் என்றால் துணை வேண்டும். இம்பார்ட்டின் பீட்டா என்ற துணைப் புரதம் ஆல்ஃபாவைப் பற்றிக்கொண்டு, அது சுமக்கும் புரதத்தோடு சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது.

இறக்கிவைக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆல்ஃபாவின் வால்பகுதியிலும் முகவரியைப் போன்ற ஒரு வரிசை இருக்கிறது. பயணத்தின்போது அந்த வால் பீட்டாவின் பிடியில் இருக்கும். உட்கருவுக்குள் நிறைந்திருக்கும் ரான்-ஜிடிபி என்ற மூலக்கூறு வந்து பீட்டாவைக் கழற்றியதும், விடுபட்ட வால் மடங்கி ஆல்ஃபாவின் சொந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்து, சுமை விலக வழி செய்கிறது. பிறகு காஸ் என்ற இன்னொரு புரதம் ஆல்ஃபாவை வெளியே திருப்பிக் கொண்டுவருகிறது, அடுத்த நடைக்கு.

இந்தப் போக்குவரத்தில் கைவைக்கும் வித்தை எபோலா வைரஸுக்குத் தெரியும். வைரஸ் தாக்கும்போது இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதம் எழுப்பும் எச்சரிக்கையை உட்கருவுக்கு எடுத்துச் செல்வது ஸ்டாட்1 என்ற புரதம். அது ஆல்ஃபாவில் உட்காருவது வழக்கமான பள்ளத்தில் அல்ல, வேறோர் இடத்தில். எபோலாவின் விபி24 புரதம் அந்த இடத்தை மட்டும் மறித்துக்கொள்கிறது. மற்ற சுமைகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, எச்சரிக்கை மட்டும் நின்றுபோகிறது.

மனிதர்கள் செய்து பார்த்தது இத்தனை நுட்பமானதல்ல. புழுத் தொற்றுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து, இம்பார்ட்டின் ஆல்ஃபா-பீட்டா கூட்டணியைத் தடுக்கும் என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் ஏற்கனவே கண்டிருந்தார்கள். 2020-இல் அதே மருந்து ஆய்வகச் செல்களில் கொரோனா வைரஸைப் பெருமளவு குறைத்தது என்ற செய்தி வந்ததும் உலகமே மருந்துக் கடைக்கு ஓடியது. ஆய்வகத்தில் பயன்படுத்திய செறிவு, வழக்கமான மாத்திரை அளவில் ரத்தத்தில் ஏறுவதைப் போல் பல மடங்கு என்பது கவனத்தில் பதியவில்லை. அந்த அளவுக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன்கள் முதல் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் வரை நம் செல்லின் சொந்தச் சரக்கும் இம்பார்ட்டின்களை நம்பித்தான் உள்ளே போகிறது. இந்தியாவிலும் பலர் 12 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினார்கள். 2021 ஜூனில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் தன் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கியது. அதன் பின் வெளியான பெரிய மருத்துவப் பரிசோதனைகளிலும் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை.