காற்றை நீக்கினாலும் குளிர்பதனம் அவசியம்: ‘வேக்கம் சீலர்’ பயன்படுத்துவோர் கவனத்திற்கு

மும்பை: பருவமழை தொடங்கிவிட்டால் மும்பையில் அப்பளம் நமத்துப்போவதும், பருப்பில் வண்டு வைப்பதும் வழக்கம். மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் அமைந்துள்ள ஆண்டாப் ஹில், அருகிலுள்ள மாட்டுங்கா, தாராவி பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து கொண்டுவரும் பொடிகளையும் வற்றலையும் செப்டம்பர் வரை பாதுகாப்பது எளிதன்று. இதற்கு ‘வேக்கம் சீலர்’ கருவி கைகொடுக்கும். ஆனால், எல்லா உணவுகளையும் இம்முறையில் அடைத்து வெளியில் வைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எவ்வாறு செயல்படுகிறது?

இக்கருவி பையிலுள்ள காற்றை உறிஞ்சி, அதன் வாயை வெப்பத்தால் ஒட்டுகிறது. ஆக்சிஜன் குறைவதால் பூஞ்சை வளர்வது தடைபடுகிறது, வண்டுகள் பெருகுவதில்லை, எண்ணெய்ப் பண்டங்களில் சிக்கு வாடை வருவது தாமதமாகிறது. வெளி ஈரமும் உள்ளே புகாது. எனவே அரிசி, பருப்பு, மசாலாப் பொடி, வற்றல், அப்பளம் போன்ற நன்கு உலர்ந்த பொருள்களுக்கு இம்முறை ஏற்றது.

ஆபத்து எங்கே?

‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும். ஈரப்பதம் மிகுந்த, புளிப்புக் குறைந்த உணவு அதற்கு உகந்தது. அதன் நுண்வித்துகள் சாதாரணக் கொதிநிலையிலும் அழிவதில்லை. அது உருவாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சுத்திணறலை உண்டாக்கும். தாய்லாந்தின் நான் மாகாணத்தில் 2006-ஆம் ஆண்டு, உள்ளூரில் தயாரித்துத் தகரத்தில் அடைக்கப்பட்ட மூங்கில் குருத்தை உண்ட 209 பேர் இந்நஞ்சால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 40-க்கும் மேற்பட்டோருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது.

கடைகளில் கிடைக்கும் உடனடி சாம்பார், பொங்கல் பொட்டலங்கள் மட்டும் வெளியில் கெடாமல் இருப்பது எப்படி என்ற கேள்வி எழலாம். அவை அடைக்கப்பட்ட பின்னர், சுமார் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தத்துடன் பதப்படுத்தப்படுகின்றன. மைசூருவிலுள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் இந்தியாவில் வளர்த்தெடுத்த முறை இது. வீட்டுக் கருவி காற்றை மட்டுமே நீக்குகிறது, கிருமிகளை அழிப்பதில்லை.

கவனிக்க வேண்டியவை

* சமைத்த உணவை 2 மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழ் வைத்து, 3 அல்லது 4 நாள்களுக்குள் உண்ண வேண்டும். நீண்ட நாள் வைத்திருக்க, மைனஸ் 18 டிகிரியில் உறையவைக்கலாம்.

* பச்சைப் பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றைக் காற்று நீக்கி அடைத்தல் கூடாது.

* உறைந்த மீனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இளக விட வேண்டும். அதற்கு முன்னர் பையை வெட்டித் திறந்துவிட வேண்டும்.

* இட்லி மாவு புளிக்கும்போது வாயு வெளியாகிப் பை உப்பும் என்பதால், அதற்கு இம்முறை பொருந்தாது.

* உப்பிய பையிலுள்ள ஈர உணவைச் சுவைத்துப் பார்க்காமல் அப்புறப்படுத்த வேண்டும். உப்பாத பையும் பாதுகாப்பானது என்று கருத இயலாது. இந்நஞ்சு கலந்த உணவில் நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம்.

உணவு உண்ட சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை சரிதல், விழுங்க இயலாமை, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கான நச்சுமுறி மருந்தை எவ்வளவு விரைவாகச் செலுத்துகிறார்களோ, அவ்வளவுக்குப் பலன் கிட்டும்.