தவளைக்கண் வண்டி

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, நெல்லியடியில் மோட்டார் திருத்தும் கராச் ஒன்றை நடத்திவரும் என் பழைய மாணாக்கர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வந்தவர் இருக்கவுமில்லை, தண்ணீர் அருந்தவுமில்லை. "ஐயா, டொக்டரின்ரை சின்னக் கார் விலைக்கு வருகுது" என்றார். பேச்சு வழக்கை அவ்வாறே அச்சிலேற்றுதல் தகாதென்று அறுபதுகளில் பண்டிதர் பலர் வாதாடியதை நான் அறிவேன். பெரும்பாலும் நானும் அவர் கட்சியே. ஆயினும் அச்செய்தியைத் திருத்திய தமிழில் எழுதினால், அன்று என் நெஞ்சில் எழுந்த பதைப்பு அதனுள் அடங்காது.

அவ்வண்டி ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் இனத்தது. 1958 ஆம் ஆண்டு மே மாதம் மொன்ரே காளோவில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பெற்றது. டொனால்ட் ஹீலி என்பாரின் குழுவினர் வகுத்த அவ்வடிவை, இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலையிற் கட்டினர். 1961 வரையில் ஏறத்தாழ 49,000 வண்டிகள் வெளிவந்தன. இருவர் மாத்திரமே அமரலாம். கூரை துணி; யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, கழற்றி வைக்கும் திரைச்சட்டமே உண்டு. கதவுக்கு வெளிப்புறத்திற் கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டே திறத்தல் வேண்டும். பின்புறத்திற் பொருள் வைக்கும் அறை உண்டு, அதற்கு மூடி இல்லை; இருக்கையைச் சாய்த்து அதன் பின்னாலே திணிக்க வேண்டும். இவையெல்லாம் செலவைச் சுருக்கச் செய்த உபாயங்கள். முன்விளக்குகளும் அவ்வாறே. வேண்டாதபோது படுத்தும் வேண்டும்போது எழுந்தும் நிற்குமாறு அவற்றை அமைக்க முதலில் எண்ணினராம். செலவு மிகுமென்று அதனைக் கைவிட்டு, எழுந்த நிலையிலேயே பொனற்றின் மேல் இருத்திவிட்டனர். அதனால் வந்த பெயரே தவளைக்கண். ஒரு குறையே ஒரு பொருளுக்குப் பெயரும் புகழும் ஆயிற்று.

எனக்கு அப்போது வயது ஏழு. 1976 ஆம் ஆண்டு மாரிகாலம். தந்தையார் என்னைச் சைக்கிளின் பாரில் இருத்திப் பருத்தித்துறை வீதியால் வந்துகொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த டொக்டர் தம் சிவப்பு வண்டியை நிறுத்தி, "வாத்தியார், பிள்ளையை என்னிடம் தாரும், நீர் ஆறுதலாக வாரும்" என்றார். ஒருவருக்குத்தான் இடமுண்டு. நான் ஏறினேன். வீதி என் இடுப்புயரத்தில் ஓடிற்று. அந்த மகிழ்ச்சியை மறைத்துச் சொல்வது பொய்யாகும். ஒரு முறையேனும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுத் திண்ணையில் உலர்ந்த உடுப்போடு நின்று, முக்கால் மணி நேரம் கழித்துத் தந்தையார் நனைந்து நடுங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததைக் கண்ட போதுதான் எனக்கு அழுகை வந்தது. சங்கிலி அறுந்துவிட்டதாம். அவர் சிரித்தார், கார் எப்படி என்று கேட்டார். தந்தையார் 1998 இற் காலமானார். அவ்வண்டியைப் பற்றி நாங்கள் பின்னர் என்றுமே பேசியதில்லை.

டொக்டர் குடும்பம் 1984 இற் கனடாவுக்குப் போயிற்று. இங்கே தங்கிய அவர் தம்பியார் தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை வண்டியை வைத்து ஓட்டினார். பின்னர் அது தென்னோலைக் கொட்டிலுள் நின்றது. இப்போது உரிமைக்காரர் காணியை விற்கிறார்கள். வண்டிக்கு 9 இலட்சம் கேட்கிறார்கள். 2020 இல் வாகன இறக்குமதி தடைப்பட்டது முதல் 2025 இல் மீண்டும் வழி திறக்கும் வரையில், இந்நாட்டிற் பழைய இரும்புக்கெல்லாம் பொன்விலை பேசப்பட்டதை வாசகர் அறிவர். ஏறிய விலை இறங்க மனமின்றி நிற்கிறது.

என்னிடம் 11 இலட்சம் இருந்தது. அது சீட்டுப் பிடித்தும், தனி வகுப்பு நடத்தியும், பதினாறு ஆண்டுகளாகச் சேர்த்த பணம். அதற்கு ஒரு வேலை முன்னரே குறித்திருந்தேன். வடமராட்சித் தொழிலாளர் வழங்கும் சொற்களை, தச்சர், கொல்லர், தோணி கட்டுவோர், சுருட்டுச் சுற்றுவோர், தோட்டஞ் செய்வோர் ஆகியோர் வாயிலிருந்து கேட்டு எழுதி, அகராதி ஒன்று தொகுத்து வைத்திருக்கிறேன். பத்துக் கொப்பிகள். அதனை அச்சிடவே அப்பணம்.

மனைவியிடம் சொன்னபோது, "பண்டிதருக்குப் பந்தயக் கார் எதற்கு?" என்று கேட்பாள் என எண்ணி விடைகளை ஆயத்தஞ் செய்து வைத்திருந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "விருப்பமெண்டால் வாங்குங்கோ. புத்தகம் இருபது வருசமாய்க் காத்திருக்குது, இன்னும் இரண்டு வருசம் காத்திருக்காதோ?" என்றாள். தடுப்பாளென்று நம்பியிருந்த கை தள்ளிவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாணாக்கர் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிச் சென்றார். கொட்டிலின் ஓலை பாதி சரிந்திருந்தது. உள்ளே புழுதிக்குள், இரு கண்களையும் விழித்தபடி அது நின்றது. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. நீளம் பதினொன்றரை அடியும் இராது. நிறம் நீலம். என் மனத்திலிருந்த சிவப்பு எங்கே என்று திகைத்தேன். மாணாக்கர் கதவோரத்தில் நகத்தளவு இடத்தைச் சுரண்டிக் காட்டினார். நீலத்தின் கீழே சிவப்பு இருந்தது. சிவப்பின் கீழே இன்னும் சுரண்ட, இளம் பச்சை தோன்றிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அதுதான் என்றார்.

ஏட்டுச்சுவடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதன்று. ஒரே பாட்டுக்கு மூன்று பாடம். ஆசிரியன் எழுதியது எதுவோ அதையே மூலமென்று கொள்வது பதிப்பாசிரியர் முறை. அம்முறைப்படி பழுது பார்த்தால், வண்டி பச்சையாக வரும். நான் ஏறிய வண்டி சிவப்பு.

எண்களையும் பார்த்தோம். உடலில் ஆணி அறைந்த தகட்டில் ஏ, என், 5 என்று தொடங்கும் எண் இருந்தது. அது மெய்யான தவளைக்கண்ணுக்கு உரிய அடையாளம். இங்கிலாந்திலே கெய்டன் என்னுமிடத்திலுள்ள மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பேணி வைத்திருக்கிறார்கள். அவ்வெண்ணை அனுப்பினால், வண்டி கட்டிய நாள், நிறம், அனுப்பிய நாடு முதலியவற்றை எழுதிச் சான்றிதழ் தருவார்கள். ஆயின், எஞ்சினில் இருந்த எண் 9 எம் என்று தொடங்கிற்று. ஸ்பிறைற்றுக்கு 9 சீ என்று வருதல் வேண்டும். 9 எம் என்பது மொறிஸ் மைனர் 1000 வண்டியின் எஞ்சின்.

"இது இடைச்செருகல்" என்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். இரண்டும் அடிப்படையில் ஒரே எஞ்சினே. 948 கன சென்ரிமீற்றர். மைனருக்குக் காபரேற்றர் ஒன்று, வலு 37 குதிரை. ஸ்பிறைற்றுக்கு இரண்டு, வலு 43. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், சிறிது பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துச் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் அல்லவா? இரண்டு காபரேற்றரைச் சமப்படுத்தி அந்த எண்ணெயில் ஓட்டுவது பெரும் தொல்லை என்பது அவர் கருத்து. அதனாலேயே தம்பியார் மைனர் எஞ்சினை மாற்றியிருக்கக்கூடும் என்றார். அவ்வாறாயின் இவ்வெஞ்சினைக் கழற்றி எறிந்து மூலத்தைத் தேடுவது சரியா? அந்தப் புகை நாறிய ஆண்டுகளும் இவ்வண்டியின் சரித்திரத்திற் சேர்ந்தவை அல்லவா? சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியபோது பட்ட பாட்டைப் பாடஞ் சொல்லும் நான், ஒரு தகர வண்டியின் முன்னே விடை தெரியாது நின்றேன்.

மாணாக்கருக்கு அந்தக் கவலை இல்லை. எஞ்சினைப் பற்றி அவர் பொருட்படுத்தவே இல்லை. "அது மைனர் சாமான், ஐயா. இங்கே ஒழுங்கைக்கொன்று கிடக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியின் கீழே சாக்கை விரித்துப் படுத்தார். பழைய வண்டி வாங்குவோர் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்த்து மயங்குவர். அறிந்தவர் கீழே பார்ப்பர் என்பதை அன்று கற்றேன். பழைய ஏ-40 போன்றவற்றுக்குக் கீழே தனியான சட்டம் உண்டு. மேலுடல் கறள் பிடித்தாலும் சட்டம் தாங்கும். இவ்வண்டிக்கு அத்தகைய சட்டம் இல்லை. உடலே சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஓரமும், தளத்தகடும், இருக்கைக்குப் பின்னே பின் வில்லுகள் வந்து பொருந்தும் பெட்டிகளும் கூடியே பாரத்தைச் சுமக்கின்றன. அவ்வில்லு முழுவில்லு அன்று, கால்வில்லு. ஒரு முனை மாத்திரமே உடலிற் பற்றி நிற்பது. பற்றுமிடம் கறளானால், ஓடும்போது பின்சில்லு உடலை விட்டு விலகும்.

ஸ்குரூ ட்றைவரின் பிடியால் அவர் தட்டிக்கொண்டே வந்தார். வலப்புறப் பெட்டி மணிபோல் ஒலித்தது. இடப்புறத்தில் ஒலி மந்தமாயிற்று. முனையைத் திருப்பி ஊன்றினார். கருப்பட்டிக்குள் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கிற்று. கறட்பொடி அவர் முகத்தில் உதிர்ந்தது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இடதுபக்கப் பெட்டி போட்டுது, ஐயா" என்றார்.

கணக்கை ஒரு சிகரெட் மட்டையிற் போட்டார். தகர வேலை 7 இலட்சம், வர்ணம் 3, எஞ்சின் இரண்டரை, வயரிங்கும் பிறேக்கும் ஒன்றரை, ரயர், இருக்கை, துணிக்கூரை 2. ஆக 16 இலட்சம். விலையோடு 25. "இது குறைஞ்ச கணக்கு" என்றும் சேர்த்தார். பதிவுப் புத்தகம் மறைந்த டொக்டரின் பெயரில் இருந்தது; அதை மாற்றுவதற்கு உரிமைக்காரர் அனைவரும் கனடாவிலிருந்து ஒப்பமிடுதல் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட ஒருவன் உடனே வேண்டாமென்று திரும்பியிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. ஏறி இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து, ஐம்பத்தைந்து வயது உடம்பை மடித்து, எட்டு முழ வேட்டியோடு இறங்கினேன்; அதில் ஏறுவதில்லை, இறங்குவதே உண்டு. வலப்புறம் சாரதிக்கு; நான் இடப்புறத்தில் இருந்தேன். முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல். பின்பார்வைக் கண்ணாடி சிறியது, புழுதி படிந்தது. வேட்டித் தலைப்பால் துடைத்தேன். கொட்டிலின் வாசலும் அப்பால் ஒழுங்கையும் அதில் தெரிந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் போலும். மாணாக்கர் ஒன்றும் கேட்கவில்லை. எழ முயன்றபோது முழங்கால் இடங்கொடுக்கவில்லை; அவரே இரு கையும் பற்றித் தூக்கிவிட்டார்.

அடுத்த பத்து நாளும் நான் வழக்காடினேன், என்னோடு. நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் இடையிடையே வந்தது. கொல்லர் சொல்லிலே குறையிருக்கிறது, இன்னும் ஓராண்டு திருத்தலாம் என்று தோன்றிற்று. தோணிச் சொற்களுக்காக மீண்டும் வல்வெட்டித்துறைக்குப் போகவேண்டும் என்றும் தோன்றிற்று. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வகுப்பில் நன்னூல் நடத்திக்கொண்டிருந்தபோது திடீரென விளங்கிற்று. வண்டி வாங்கினால் நூலை அச்சிடப் பணமில்லை என்று எவரிடமும் சொல்லலாம், எவரும் பழிக்கார். பதினாறு ஆண்டுகளாகப் பணம் போதவில்லை என்றேன். பணம் போதியபோது வண்டி வந்தது. மனைவி இதனை முன்னரே அறிந்துதான் அவ்வாறு சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மாணாக்கரிடம் போய் எனக்கு வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அது எனக்காக அன்று. தயங்கித் தயங்கி, உரிமைக்காரர் ஐந்தரைக்கு இறங்கியிருக்கிறார்கள் என்றும், தாமே வாங்க விருப்பமென்றும், ஓர் இலட்சம் குறைகிறதென்றும் சொன்னார். சிறு வயதிற் கணக்கிலும் இலக்கணத்திலும் ஒரே அளவு குறைந்த புள்ளி எடுத்தவர். அந்த ஓர் இலட்சத்தைக் கொடுத்தேன். வட்டி பேசவில்லை. பத்து இலட்சத்துக்கு அச்சகத்தார் படிகளைக் குறைத்துத் தருகிறோம் என்றார்கள்; ஐந்நூறு போதும்.

இப்போது சனிக்கிழமை தோறும் கராச்சுக்குப் போகிறேன். கையிற் பதினோராவது கொப்பி. தகரம் அடிக்கும் முதியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். சுத்தியலில் மட்டும் ஆறுவகைக்குப் பெயர் சொல்கிறார், அவற்றுள் இரண்டு நான் எங்கும் கேளாதவை. கறளைச் சுரண்டுதலுக்கும் வெட்டியெடுத்தலுக்கும் அவரிடம் வேறு வேறு சொல் உண்டு. வண்டியைப் பச்சையாக்குவதா சிவப்பாக்குவதா என்று மாணாக்கர் கேட்டார்; அது உம்முடைய வண்டி, உம் விருப்பம் என்றேன். இடப்புறப் பெட்டியை வெட்டியெடுத்து மூன்று கிழமையாகிறது. 18 கேஜ் தகடு கொழும்பிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.